ஒரு கிண்ணம் சாதம், ஒரு மணி நேரம்: மூளை முடக்குவாதக் குழந்தைகளின் சாப்பாட்டு வரலாறு

அசோக் நகர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது சிங்கத் தலை வைத்த அந்தத் தூண். அங்கிருந்து கே.கே. நகர் பக்கம் கொஞ்ச தூரம் போனால் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கைக் கால், காலிப்பர், பிசியோதெரபி என்று பல ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிற இடம். அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் இந்தக் காட்சியை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். ஒரு அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்குவார். பிள்ளையின் தலை அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கும். கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டிருக்கும். வயது ஏழோ எட்டோ இருக்கும். ஆனால் பார்த்தால் மூன்று வயதுதான் மதிப்போம்.

பஸ்ஸில் யாராவது ஒருத்தர் சொல்வார்: "அந்த வியாதியே அப்படித்தாங்க. அந்தப் புள்ளைங்க ஒல்லியாத்தான் இருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. பஸ்ஸில் வந்தவர் மட்டுமா அப்படி நினைத்தார்? உலகத்துப் பெரிய பெரிய டாக்டர்களே நூறு வருஷத்துக்கு மேல் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பெரும்பாலும் தப்பு என்று தெரிய வந்தது ரொம்பச் சமீபத்தில்தான். அந்தத் தப்புக்கு விலை கொடுத்தது டாக்டர்கள் அல்ல, அந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும்.

சோறு போட்ட மாநிலம்

முதலில் நம் ஊர்ப் பெருமையைச் சொல்லிவிடலாம். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ஆளுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டு வந்தார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் ஸ்டாலின் காலை உணவையும் தொடங்கி வைத்தார்.

இத்தனை திட்டங்களுக்குள்ளும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. தட்டில் சோறு விழுந்துவிட்டால் பிள்ளை சாப்பிட்டுவிடும் என்பதுதான் அது. கை இருக்கிறது, எடுக்கும். வாய் இருக்கிறது, மெல்லும். தொண்டை இருக்கிறது, விழுங்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்கு அது சரிதான்.

மீதி இருக்கிற அந்த ஒரு பிள்ளை? வீட்டில் அரிசி இருக்கும். பருப்பு, நெய் எல்லாம் இருக்கும். ஊட்டுவதற்கு அம்மாவும் இருப்பார். ஆனாலும் பிள்ளை பட்டினி கிடக்கும். தட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு ஜாண் தூரம்தான் பிரச்சினை. ரேஷன் கடையாலும் சத்துணவு மையத்தாலும் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது.

கை காலை மட்டும் பார்த்த காலம்

மூளை முடக்குவாதம் என்பது ஆங்கிலத்தில் செரிப்ரல் பால்சி. குழந்தையின் மூளை வளர்கிற காலத்தில், அதாவது வயிற்றில் இருக்கும்போதோ பிரசவத்திலோ பிறந்த கொஞ்ச நாளிலோ, அதில் ஏற்படுகிற சேதத்தால் உடம்பின் அசைவு பாதிக்கப்படுவது. பிரசவத்தில் மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு, கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. தொற்று வியாதி அல்ல. பரவாது. நாளாக நாளாக மூளைச் சேதம் கூடிக்கொண்டே போவதும் இல்லை.

இதை முதலில் ஒழுங்காக விவரித்தவர் லண்டனைச் சேர்ந்த எலும்பு டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில். இவருக்கே சின்ன வயதில் ஒரு பாதம் வளைந்து போயிருந்தது. 1843-ல் இந்தப் பிள்ளைகளின் விறைத்த கை கால்களைப் பற்றி உரைகள் நிகழ்த்தினார். 1862-ல் வெளியான கட்டுரையில், கஷ்டமான பிரசவமும் மூச்சுத் திணறலும்தான் காரணம் என்று எழுதினார். ரொம்ப நாள் வரைக்கும் இந்த வியாதிக்கே "லிட்டில் நோய்" என்று பெயர். 1889-ல் வில்லியம் ஆஸ்லர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். 1897-ல் இன்னொருவர் பெரிய புத்தகம் எழுதினார். அவர் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சிக்மண்ட் ஃப்ராய்ட்! கனவுகளை ஆராய்ந்து பேர் வாங்குவதற்கு முன்னால் அவர் ஒரு நரம்பு டாக்டர்.

ஃப்ராய்ட் ஒரு நல்ல கேள்வி கேட்டார். கஷ்டப் பிரசவத்தால் மூளை கெட்டதா? அல்லது வயிற்றிலேயே ஏற்கெனவே ஏதோ கோளாறு இருந்ததால்தான் பிரசவம் கஷ்டமானதா? எது காரணம், எது விளைவு?

இதே மாதிரிக் கேள்வியை இந்தப் பிள்ளைகளின் ஒல்லி உடம்பைப் பற்றியும் கேட்டிருக்கலாம். வியாதியால் ஒல்லியா? அல்லது வியாதியால் சாப்பிட முடியாமல், சாப்பிடாததால் ஒல்லியா? இரண்டும் ஒன்று மாதிரி தோன்றும். ஒன்று அல்ல. முதலாவது விதி. இரண்டாவது பசி. விதியை ஒன்றும் செய்ய முடியாது. பசிக்கு ஏதாவது செய்யலாம்.

அடுத்து வந்த பல பத்து வருஷங்களில் டாக்டர்களின் கண் முழுக்கக் கை கால்களின் மேலேயே இருந்தது. எப்படி நிமிர்த்துவது, எப்படி நடக்க வைப்பது, எந்தத் தசையை வெட்டி விடுவது, எந்தக் காலிப்பர் போடுவது... சாப்பாடு வீட்டு விஷயம், அதை அம்மா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

விழுங்குவது சும்மா இல்லை

ஒரு வாய் சாதம் விழுங்குவதற்கு நாம் யோசிப்பதே இல்லை. ஆனால் அதற்குள் எவ்வளவு வேலை நடக்கிறது! உதடு மூட வேண்டும். நாக்கு உணவை ஒரு உருண்டையாக்கிப் பின்னால் தள்ள வேண்டும். அண்ணம் மேலே எழுந்து மூக்கின் வழியை அடைக்க வேண்டும். குரல்வளை மேலேறி மூச்சுக்குழாயை மூட வேண்டும். அந்த ஒரு கணம் மூச்சே நிற்க வேண்டும். உணவு உணவுக்குழாய்க்குள் இறங்கின பிறகுதான் மூச்சுக்குழாய் மறுபடி திறக்க வேண்டும். தொண்டையில் நடக்கிற பகுதி மட்டும் சுமார் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். இதற்கு எல்லாம் உத்தரவு போடுவது மூளை.

அந்த உத்தரவு தாறுமாறாகப் போனால்? ஸ்பூன் வாயில் பட்டதும் பிள்ளை அதை இறுகக் கடித்துக்கொள்ளும். நாக்கு உணவை உள்ளே தள்ளாமல் வெளியே தள்ளும். தலை பின்னால் சாயும். மூச்சுக்குழாய் மூடுவதற்கு முன்னாலேயே தண்ணீர் அதற்குள் இறங்கும். இதற்குத் தமிழில் அழகான ஒரு சொல் உண்டு: புரையேறுதல். நமக்குப் புரையேறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிச் சிரிப்போம். இந்தப் பிள்ளைகளுக்கு நாளுக்குப் பல தடவை புரையேறும். சிலருக்கு இருமல்கூட வராமல் சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் போகும். பிறகு "அடிக்கடி சளி பிடிக்குது டாக்டர்" என்று ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அது பல சமயம் வெறும் சளி அல்ல, உணவு போய்ச் சேர்ந்த நிமோனியா.

இது போதாதென்று மலச்சிக்கல், சாப்பிட்டது எதுக்களித்து வருவது, எச்சில் ஒழுகுவது எல்லாம் உண்டு. வலிப்பு மாத்திரைகள் சில வைட்டமின் டி-யைக் குறைத்து எலும்பை வலுவிழக்கச் செய்யும். எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று, பிள்ளையால் "பசிக்குது" என்று சொல்ல முடியாது. "போதும்" என்றும் சொல்ல முடியாது.

நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டுவது வழக்கம். முன்பு சங்கில் புகட்டினார்கள். தாய்ப்பால் உறிஞ்ச முடியாத குறைமாதக் குழந்தைக்குப் பாலாடை நல்ல உதவி. ஆனால் விழுங்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, தலை தொங்கத் தொங்கக் கஞ்சியை ஊற்றினால் கதை வேறு. கழுத்து பின்னால் வளைந்தால் மூச்சுக்குழாயின் வழி இன்னும் அகலமாகத் திறக்கிறது. பாசத்தோடு ஊற்றுகிற அதே கஞ்சி ஆபத்தாகிவிடுகிறது. அம்மாவின் தப்பா? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தவர்கள்

டாக்டர்கள் கவனிக்காததை முதலில் கவனித்தவர்கள் தெரபிஸ்டுகள். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குப் போன பெர்ட்டா போபாத்தும், அவருடைய கணவர் டாக்டர் காரல் போபாத்தும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளைத் தூக்குவது, உட்கார வைப்பது பற்றிப் புது முறை ஒன்றை உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த நான்சி ஃபின்னி 1968-ல் பெற்றோருக்காகவே ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டில் பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, தூக்குவது என்பதெல்லாம் அதில் இருந்தது. ஊட்டுவதைப் பற்றியும் ஹெலன் முல்லர் எழுதிய அத்தியாயம் ஒன்று இருந்தது.

விஷயம் ரொம்ப எளிமையானது. முதலில் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வை. இடுப்பும் முட்டியும் மடங்கி இருக்கட்டும். பாதத்துக்குக் கீழே ஏதாவது ஒரு தாங்கல் வை. தலை கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். விரல்களால் தாடையைத் தாங்கிப் பிடி. ஸ்பூனை மேலிருந்து கொட்டாமல் நேராகக் கொண்டு போய் நாக்கில் லேசாக அழுத்து. உதடு மூடும் வரைக்கும் காத்திரு. அவ்வளவுதான்! இதற்கு மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு பழைய நாற்காலியும் இரண்டு தலையணையும் ஒரு சின்ன ஸ்பூனும் போதும்.

இந்தியாவுக்கு இந்த அறிவைக் கொண்டு வந்தவர்களில் பலர் அம்மாக்கள். மிது அலூர் தன் மகள் மாலினிக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காததால் 1972-ல் பம்பாயில் ஸ்பாஸ்டிக் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். (அந்த மகள்தான் பின்னாளில் ஒரே விரலால் டைப் அடித்துத் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிய மாலினி சிப்.) 1974-ல் கல்கத்தாவில் ஒரு நிலையம் வந்தது. மெட்ராஸில் 1981-ல் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக் சொசைட்டி தொடங்கியது. அது தரமணியில் இருக்கிறது. 1985-ல் பூனம் நடராஜன் இன்னொரு அமைப்பைத் தொடங்கினார். அவருடைய மகனுக்கும் மூளை முடக்குவாதம் இருந்தது. இன்று கோட்டூர்புரத்தில் இருக்கிற "வித்யா சாகர்" அதுதான்.

தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். 1981, 1982, 1985. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே நாளில் சோறு போட அரசாங்கம் கிளம்பிய அதே வருஷங்களில்தான், அதே மெட்ராஸில், ஒரு பிள்ளையின் தாடையைப் பிடித்து ஒரு ஸ்பூன் சாதத்தை எப்படி உள்ளே அனுப்புவது என்று சிலர் தனியாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்றைப் பற்றி ஊரே பேசியது. இன்னொன்று ஒரு அறைக்குள் நடந்தது.

நிற்க முடியாத பிள்ளையை எப்படி அளப்பது?

ஒல்லி என்று சொன்னால் போதாது, அளந்து காட்ட வேண்டும். அங்கேயே முதல் சிக்கல். அங்கன்வாடியில் பிள்ளையை எடை பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், வளர்ச்சி அட்டையில் குறிப்பார்கள். நிற்க முடியாத, முதுகு வளைந்த, முட்டியை நீட்ட முடியாத பிள்ளையின் உயரத்தை எப்படி எடுப்பது? எடுக்க முடியாது என்பதால் பல இடங்களில் எடுக்காமலே விட்டார்கள். எண் இல்லாத இடத்தில் பிரச்சினையும் இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. கணக்குப் புத்தகத்தில் ஏறாத கடன் மாதிரி!

முட்டியிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்து மொத்த உயரத்தை மதிப்பிடலாம் என்று 1990-களில் வழி கண்டுபிடித்தார்கள். கையின் பின்பக்கத் தோலைக் கிள்ளிப் பிடித்து உள்ளே கொழுப்பு எவ்வளவு என்று அளக்கிற முறையையும் பயன்படுத்தினார்கள். அப்போதுதான் உண்மை எண்ணாக வெளியே வந்தது.

2000-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு இங்கிலாந்துப் பெற்றோரிடம் கேட்டது. நரம்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் 89 சதவீதம் பேருக்குச் சாப்பிட இன்னொருவர் உதவி வேண்டியிருந்தது. 56 சதவீதம் பேருக்குச் சாப்பிடும்போது அடைத்துக்கொண்டது. 28 சதவீத வீடுகளில் ஊட்டுவதற்கு மட்டும் நாளுக்கு மூன்று மணி நேரம் போனது. எல்லாவற்றையும் விட வெட்கப்பட வேண்டிய எண் இது: 64 சதவீதப் பிள்ளைகளின் சாப்பாட்டையும் சத்தையும் யாருமே ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் இலவச வைத்தியம் இருக்கிற நாட்டில்!

2011-ல் அமெரிக்காவில் இன்னொரு வேலை நடந்தது. கலிபோர்னியாவில் 25,545 மூளை முடக்குவாதப் பிள்ளைகளின் எடை, உயரத்தை வைத்து அவர்களுக்கென்றே வளர்ச்சி அட்டை போட்டார்கள். ரொம்ப எடை குறைந்த பிள்ளைகளிடம் வியாதியும் மரணமும் அதிகம் என்று அதில் தெரிந்தது. ஆனால் அந்த அட்டையில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்திருக்கிறார்கள் என்றுதான் அது சொல்கிறது. எப்படி வளர வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டினி கிடந்த பிள்ளைகளின் சராசரியை "நார்மல்" என்று எடுத்துக்கொண்டால், பஸ்ஸில் கேட்ட அதே வாக்கியம் கிராஃப் பேப்பரில் அச்சாகி வந்த மாதிரிதான்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்டையாக இருப்பதற்கு முழுக் காரணமும் சாப்பாடு அல்ல. மூளைச் சேதமும், நடக்காத காலில் எலும்பு சரியாக வளராததும் ஒரு பங்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறைய சாப்பாடு வேண்டும் என்பதும் இல்லை. ஓயாமல் உடம்பு முறுக்கி அசைந்துகொண்டே இருக்கிற பிள்ளைக்குச் செலவு அதிகம். அசைவே இல்லாத பிள்ளைக்குச் செலவு குறைவு, ஆகவே குண்டாகவும் ஆகலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்குதான்.

ஸ்பூன் கணக்கு

கணக்கு என்றதும் ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 900 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. ஒரு ஸ்பூனை வாயில் வைத்து விழுங்கி முடிக்க அரை நிமிஷம்.

முதல் வீட்டில் தண்ணீராகக் கேழ்வரகுக் கஞ்சி. 100 மில்லிக்கு 10 கிராம் மாவு. கிடைப்பது சுமார் 33 கலோரி. 900 கலோரி வேண்டுமானால் 2,700 மில்லிக்கு மேல் போக வேண்டும். அதாவது சுமார் 545 ஸ்பூன். நேரம் நாலரை மணிக்கும் மேல்! எந்த அம்மாவால் முடியும்? பாதியில் பிள்ளை களைத்துத் தூங்கிவிடும். 200 ஸ்பூனோடு அன்றைய சாப்பாடு முடிந்துவிடும். பிள்ளை நாள் முழுக்கச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே போனது தேவையில் பாதிகூட இல்லை.

இரண்டாவது வீட்டில் அதே 10 கிராம் மாவை 100 மில்லி பாலில் கெட்டியாகக் காய்ச்சி, ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ கலக்கிறார்கள். மாவுக்கு 33, பாலுக்கு 65, நெய்க்கு 45. மொத்தம் 143 கலோரி. இப்போது 140 ஸ்பூன் போதும். நேரம் ஒரு மணி பத்து நிமிஷம்.

பிள்ளை அதேதான், அம்மாவும் அதேதான், அடுப்பும் அதேதான். வித்தியாசம் ஒரு ஸ்பூன் நெய்யும் கொஞ்சம் பாலும். கெட்டியாக இருப்பதால் பல பிள்ளைகளுக்கு விழுங்குவதும் சுலபம், தண்ணீர் மாதிரி சட்டென்று ஓடி மூச்சுக்குழாயில் இறங்காது. (இது கணக்குக்காகச் சொன்ன உதாரணம்தான். வெறும் கஞ்சியிலேயே ஒரு பிள்ளை வளர முடியாது. புரதம், காய்கறி, தண்ணீர் எல்லாம் வேண்டும். எவ்வளவு கெட்டி, எவ்வளவு அளவு என்பதை அந்தப் பிள்ளையைப் பார்த்த டாக்டரும் தெரபிஸ்டும்தான் சொல்ல வேண்டும்.)

"ஜீரணம் ஆகாது, கஞ்சித் தண்ணியா குடு" என்று பெரியவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் இந்தப் பிள்ளைகளின் விஷயத்தில் அந்த அக்கறை கணக்கில் இடிக்கிறது.

வயிற்றில் ஒரு ட்யூப்

எப்படி உட்கார வைத்தாலும், எவ்வளவு கெட்டியாகக் கொடுத்தாலும் முடியாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு என்ன வழி?

வயிற்றில் துளை போட்டு நேராக உணவு செலுத்துகிற முயற்சி பழையது. 1849-ல் பிரான்சில் செடியோ என்ற சர்ஜன் செய்து பார்த்தார், நோயாளி பிழைக்கவில்லை. பின்னால் அந்த ஆபரேஷன் கைகூடியது என்றாலும், வயிற்றைத் திறந்து செய்கிற பெரிய வேலையாகவே இருந்தது. மெலிந்த பிள்ளைகளுக்கு அதுவே ஆபத்து. 1979 ஜூன் 12-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கௌடரர், போன்ஸ்கி என்ற இரண்டு டாக்டர்கள் வயிற்றைக் கிழிக்காமல், எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு அதன் உதவியோடு சின்னத் துளை வழியாக ட்யூப் வைத்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பெரியவர்களுக்கும் செய்கிற இந்த முறை முதன்முதலில் ஒரு கைக்குழந்தைக்காகச் செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

இது உண்மையிலேயே உதவியதா? இங்கிலாந்தில் 57 மூளை முடக்குவாதப் பிள்ளைகளை ட்யூப் வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு வருஷம் கவனித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். எடை கூடியது. ஊட்டுகிற நேரம் குறைந்தது. பிள்ளையின் ஆரோக்கியம் தேறியதாக ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் சொன்னார்கள். "அந்த வியாதியே அப்படித்தான்" என்ற வாக்கியத்துக்கு இதை விட நேரான பதில் வேண்டுமா? வியாதி அப்படியேதான் இருந்தது. சாப்பாடு உள்ளே போனது, பிள்ளை தேறியது.

ஆனாலும் அம்மாக்கள் சுலபத்தில் சம்மதிப்பதில்லை. நம் ஊரில் ஊட்டுவது என்பது வெறும் கலோரி கணக்கா என்ன? நிலாவைக் காட்டி ஊட்டுவது, உருட்டிக் கையில் வைப்பது, "அம்மாவுக்கு ஒரு வாய்" என்று கெஞ்சுவது... பேச முடியாத, ஓட முடியாத பிள்ளையிடம் அம்மா பேசுகிற ஒரே பாஷை அதுதான். ட்யூப் போட்டால் அதுவும் போய்விடும் என்று பயம். "நான் தோத்துட்டேன்" என்ற எண்ணம். செலவும் ஒரு காரணம். ஆபரேஷனோடு முடியாது, ட்யூபை மாற்ற வேண்டும், சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், தொற்று வராமல் பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் அது தேவையும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ட்யூப் வைத்த பிறகும், விழுங்குவது ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னால், ருசிக்காக ஒரு வாய் பாயசம் நாக்கில் வைக்கலாம். பசிக்காக ஊட்டுவது ஒன்று, பாசத்துக்காக ஊட்டுவது ஒன்று. இரண்டையும் பிரித்துவிட்டால் இரண்டாவதில் அவசரம் இருக்காது.

நடைக்கு முதல் இடம், சாப்பாட்டுக்குக் கடைசி இடம்

1997-ல் கனடாவில் இந்தப் பிள்ளைகளின் நடமாட்டத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்து ஒரு அளவுகோல் வந்தது. ஐந்தாம் நிலை என்றால் தலையைக்கூட நிறுத்த முடியாத பிள்ளை. உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். அதே மாதிரி சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் ஒரு ஐந்து நிலை அளவுகோல் வந்தது எப்போது? 2014-ல். நடையை அளந்து பதினேழு வருஷம் கழித்துத்தான் சாப்பாட்டை அளக்கத் தோன்றியது.

நம் சட்டமும் மெல்ல மெல்லத்தான் நகர்ந்தது. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மூளை முடக்குவாதம், அசைவுக் குறைபாட்டுக்குள் ஒரு வரியாக அடங்கியது. 1999-ல் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்காகவும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பூனம் நடராஜனே பின்னால் அந்த அமைப்புக்குத் தலைவராக இருந்தார். 2005-ல் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் வந்தது. 2016-ன் புதிய சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டது, அதிகமான துணை தேவைப்படுகிறவர்களைப் பற்றியும் தனியாகப் பேசியது.

சட்டம் வந்தாலும் ஸ்பூனைப் பிடிக்கக் கை வேண்டுமே! இதற்கு நம்மைப் போன்ற ஒரு ஊரிலிருந்து நல்ல பாடம் கிடைத்திருக்கிறது. வங்கதேசத்தின் டாக்காவில் ஏழைக் குடும்பத்து அம்மாக்களுக்குக் குறைந்த செலவில் சில வகுப்புகள் நடத்தினார்கள். எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது, எந்தப் பதத்தில் கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. பிள்ளைகளின் மூச்சுத் தொந்தரவு குறைந்தது, சாப்பிடும்போது ஒத்துழைத்தார்கள், அம்மாக்களின் மன அழுத்தம் குறைந்தது. ஆனால் எடை? கூடுதல் உணவு கொடுக்காததால் பெரும்பாலோருக்கு எடை தேறவில்லை.

இந்த முடிவை இரண்டு தடவை படிக்க வேண்டும். ஊட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, சோறும் வேண்டும். சோறு இருந்தால் மட்டும் போதாது, ஊட்டவும் தெரிய வேண்டும். தமிழ்நாடு 1920-லிருந்து முதல் பாதியைச் செய்துகொண்டு வருகிறது. இரண்டாவது பாதி தரமணியிலும் கோட்டூர்புரத்திலும் முட்டுக்காட்டிலும் இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிற அங்கன்வாடி. அங்கே சத்துமாவு இருக்கிறது, எடை மெஷின் இருக்கிறது, அம்மாக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு டீச்சரும் ஆயாவும் இருக்கிறார்கள். தாடையை எப்படிப் பிடிப்பது, முட்டியிலிருந்து எப்படி அளப்பது என்ற இரண்டையும் அவர்கள் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்தால் பாதிக் கதை மாறிவிடும்.

முடிவாக

இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் வாழ்க்கையில் அதிகம் கேட்கிற கேள்வி, "ஏம்மா, சாப்பாடு ஒழுங்கா குடுக்கறியா இல்லையா?" என்பதுதான். மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், சில சமயம் ஆஸ்பத்திரியிலும் கேட்பார்கள். ஒரு கிண்ணம் சாதத்தை ஒரு மணி நேரம் ஊட்டி, மூன்று தடவை புரையேறி, துடைத்து, மறுபடி ஊட்டி, கடைசியில் ஆறிப்போன தன் சாப்பாட்டைச் சாப்பிட உட்காருகிறவரிடம்தான் இந்தக் கேள்வி வருகிறது.

லிட்டிலின் உரையிலிருந்து கணக்குப் போட்டால் நூற்றெண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை வருஷத்தில் மருத்துவம் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: அந்த மெலிவில் பெரும் பங்கு விதி அல்ல, பசி. அது அம்மாவின் குற்றமும் அல்ல.

அடுத்த தடவை அசோக் நகர் பக்கம் பஸ்ஸில் போகும்போது யாராவது "அந்தப் புள்ளைங்க அப்படித்தான்" என்று சொன்னால், "அப்படி இல்லைங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர்களில் யாராவது ஒருத்தர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.